வெள்ளைத் தோலில் விழுந்த வெயில்

என் தம்பியின் கறவை மாடு ஒன்றுக்கு முதுகில் வெள்ளையாக இருந்த இடமெல்லாம் வெந்துபோயிருந்தது. கறுப்பாக இருந்த இடங்களில் ஒரு கீறல்கூட இல்லை. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்குள்ளேயே வெயில் சுட ஆரம்பித்திருந்தபோது, கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்தேன். வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் கோட்டோடு புண் நின்றுவிட்டிருந்தது. கொதிநீரோ மருந்தோ கொட்டினால் நிறம் பார்த்தா படும்? அந்தக் கேள்வி எனக்கு அப்போதே வந்தது. பதில் கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் ஒரு மாடு செத்துவிட்டது.

நான் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம் என்று மனிதர்கள் என்னிடம் குழாய் குழாயாக வருவார்கள், முகம் வராது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறுதோறும் பெர்ரி ஏறி அக்கரைக்குப் போவது மட்டும் தவறாது. பட்டர்வொர்த்தில் தம்பி வேனோடு நிற்பான். ஏறி உட்கார்ந்ததும், "பசியாறிட்டியாக்கா?" என்பான். அன்றைக்கு அவன் அதைக் கேட்கவில்லை.

தம்பி முன்பு புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். அங்கே ஆட்களைக் குறைத்தபோது கிடைத்த தொகையில் மூன்று மாடு வாங்கினான். அது ஒன்பதாகப் பெருகியிருந்தது. நான்கு கறவையில் இருந்தன. பழைய இடத்தை வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். அதனால் தீபாவளி முடிந்த கையோடு புக்கிட் மெர்தாஜாமுக்கு அப்பால், செம்பனைக் காட்டின் ஓரமாக ஒரு துண்டு நிலத்தை வாடகைக்குப் பிடித்து மாடுகளைக் கொண்டுவந்திருந்தான். பழைய இடத்தில் ஆளுயரத்துக்கு நேப்பியர் புல் வளர்த்திருந்தான். புது இடத்தில் கரணை ஊன்றி இரண்டு மாதம்தான். அதற்குள் மழை நின்றுவிட்டது. முளைத்தது முழங்காலுக்கு மேல் வரவில்லை. தம்பியின் மனைவி பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு வேலி ஓரம், கால்வாய் ஓரம், செம்பனை வரிசைகளுக்கு இடையில் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் புல் அறுத்தாள்.

அவளுக்கு இடுப்பில் தேய்மானம். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. அறுத்து வந்த புல்லைக் குனிந்து குனிந்து தொட்டியில் பிரித்துப் போடுவதுதான் அவளை அதிகம் படுத்தியது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அந்தத் தீபாவளிக்கு நான் அவளுக்குப் புல் நறுக்கும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். மோட்டாரில் ஓடுவது. ஒரு பக்கம் கட்டோடு செருகினால் மறுபக்கம் விரல்கணு நீளத்துக்கு நறுக்கித் தொட்டிக்குள்ளேயே கொட்டும். சேலை வாங்கிக் கொடுத்திருந்தால்கூட அவள் அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டாள்.

அந்த ஞாயிறு, வெந்துபோன மாட்டைச் சுற்றி நாங்கள் மூவரும் நின்றோம்.

"பக்கத்து தோட்டக்காரன் வேலைதான்க்கா இது" என்றான் தம்பி. "வேலிக்கு அந்தாண்ட காய்கறி போட்டிருக்கான்ல, அவன்தான். புல்லுமருந்து அடிச்சிருக்கான். காத்துல வந்து இதுங்க மேல பட்டிருக்கு."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? வேற எவன் இருக்கான் இங்க?"

அந்தத் தோட்டக்காரர் அறுபது வயதைத் தாண்டிய சீனப் பெரியவர். மாடுகள் வந்த நாளிலிருந்து, விற்காமல் கழிக்கிற கோஸ் இலைகளைக் கூடையில் கட்டி வேலிமேல் வைத்துவிட்டுப் போவார். முந்தின நாள் மாலை தம்பி அந்த வேலியில் நின்றுகொண்டு அவரைக் கண்டபடி பேசியிருக்கிறான். அவர் மகனும் மருமகளும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இதை அவன் சொல்லவில்லை. அவன் வேனை நகர்த்தப் போனபோது அவன் மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அந்த அங்கிள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசலைக்கா. கூடையை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாரு."

நான் மாட்டின் தலைப்பக்கம் போனேன். அது வெயிலுக்கு முதுகைக் காட்டாமல் சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றது. கண் இமையை விரலால் கீழே இழுத்தேன். உள்ளே வெளிர்ச் சிவப்பாக இருக்கவேண்டிய சவ்வு மஞ்சளாக இருந்தது. மஞ்சள் என்றால் லேசான மஞ்சள் இல்லை; அரைத்த மஞ்சளைத் தடவியதுபோல. பக்கத்தில் கட்டியிருந்த இரண்டு கறவைகளுக்கும் பார்த்தேன். இரண்டுக்கும் அதே நிறம். ஒன்று செம்மண் நிறத்து மாடு, அதன் தோலில் புண்ணே இல்லை. காதும் மூக்கும் மட்டும் வறண்டு வெடித்திருந்தன. தொட்டியில் போட்டது அப்படியே கிடந்தது. சாணம் ஆட்டுப் புழுக்கைபோல் காய்ந்து கிடந்தது.

"டேய், இது மேல பட்டதில்ல. உள்ள இருந்து வருது. ஈரல் கெட்டிருக்கு."

"நீ மனுசங்க ரத்தம் பாக்குறவக்கா" என்றான் தம்பி. "மாட்டப் பத்தி உனக்கு என்னா தெரியும்?"

அவன் என்னிடம் அப்படிப் பேசுகிறவன் இல்லை. பயத்தில் பேசினான் என்று எனக்குத் தெரிந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்து இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன்.

கால்நடை மருத்துவர் திங்கட்கிழமை காலை வந்தார். இளம் மலாய்ப் பெண். தலைக்குத் துடோங் முக்காடு, காலுக்கு ரப்பர் பூட்ஸ். என்னை அக்கா முறை வைத்துத்தான் கூப்பிட்டார். பேசியதெல்லாம் மலாயில், எனக்கு அது நினைவில் நிற்பது தமிழில்தான். முதலில் அவர் செய்தது, மூன்று மாடுகளையும் கொட்டகையின் இருட்டான மூலைக்கு மாற்றச் சொன்னதுதான். சுவரின் இடைவெளியில் வெயில் விழுந்த இடத்தைச் சாக்கு வைத்து அடைக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னையும் கூப்பிட்டு, நலமாக இருந்த ஒரு மாட்டின் வயிற்றில் வைத்துக் கேட்கச் சொன்னார். தூரத்தில் லோரி ஒன்று மேட்டில் ஏறுவதுபோல ஒரு முழக்கம் எழுந்து, உருண்டு, அடங்கியது. ஒரு நிமிஷத்துக்குள் மறுபடியும் எழுந்தது. அடுத்து, வெந்த மாட்டின் வயிற்றில் வைத்தார். நானும் நின்று கேட்டேன். மூன்று நிமிஷம். ஒன்றுமே இல்லை.

"முதல் வயிறு நின்னுபோச்சு" என்றார்.

நான்கு குழாய்களில் ரத்தம் எடுத்தார். மூன்று நோயுற்றவை, ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க. ஆய்வுக்கு அனுப்புவதற்குமுன் அவை உறையட்டும் என்று ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தார். நான் அதன் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எனக்குத் தெரிந்தது அதுதான். ரத்தம் கட்டியாகிக் கீழே இறங்க, மேலே தெளிந்த சீரம் ஊறி நின்றது. நலமான மாட்டினுடையது வைக்கோல் நீரின் நிறம். மற்ற மூன்றும் தேன் நிறத்தையும் தாண்டியிருந்தன. எந்த மெஷினிலும் போட வேண்டியிருக்கவில்லை. என் வேலையில் அந்த நிறத்தைப் பார்த்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் நானே வார்டுக்குப் போன் செய்வேன்.

"பித்தம் ஓடலை" என்றேன்.

"ஆமா. எதையோ தின்னிருக்கு" என்றார் டாக்டர். "என்ன போட்டீங்க?"

தம்பியின் மனைவி புல், செம்பனைப் பிண்ணாக்கு, உப்பு என்று வரிசையாகச் சொன்னாள். புல் எங்கே அறுத்தது என்று கேட்டதற்கு வேலி ஓரமாகக் கையைக் காட்டினாள். தம்பி உடனே, "பாத்தீங்களா, அந்த வேலிதான்" என்றான். டாக்டர் வேலிப் பக்கம் நடந்து பார்த்துவிட்டு வந்தார். அந்த ஓரம் முழுக்க அறுத்து மொட்டையாகக் கிடந்தது. தெரிவதற்கு ஒன்றும் இல்லை. பச்சைத் தீவனத்தை நிறுத்தச் சொன்னார். பாலைக் கறந்து கொட்டிவிடச் சொன்னார். அந்த வார்த்தையில் தம்பி சட்டென்று நிமிர்ந்தான்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. பல வருஷமாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிற அவன் கூட்டாளிகள் எல்லோருக்கும் பால் அவனுடையதுதான். பாலத்தைத் தாண்டிக் கேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கடைசிக் குடத்தைத் தான் எடுத்துக்கொண்டு படியேறுவான்.

"மத்த மாட்டுப் பால் நல்லாத்தானே இருக்கு டாக்டர்?"

"எது நல்லது, எது கெட்டதுன்னு இன்னைக்கு எனக்கே தெரியாது" என்றார் அவர். "தெரியாததை நான் யாரையும் குடிக்கச் சொல்ல மாட்டேன்."

தம்பி கறந்த பாலைச் சாணக்குழியில் கொட்டினான். நான் பார்க்க வேண்டாம் என்று வீட்டுக்குள் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அந்தக் கறுப்பு வெள்ளை மாடு படுத்திருந்தது. எழுப்ப முடியவில்லை. டாக்டர் வந்து சேர்வதற்குள் கழுத்தை நீட்டி உயிரை விட்டுவிட்டது. அதன் கன்றை வேறு பக்கம் கட்டச் சொல்லிவிட்டு, "அறுத்துப் பாக்கலாமா? மத்த ரெண்டையும் காப்பாத்தணும்னா எனக்குத் தெரியணும்" என்று டாக்டர் கேட்டார். தம்பி தலையாட்டினான். ஆனால் அங்கே நிற்கவில்லை. அவன் மனைவியும் நானும் நின்றோம்.

முப்பது வருஷமாகக் கல்லீரலின் எண்களைப் படித்தவள் நான். ஒரு கல்லீரலைக் கண்ணால் கண்டது அன்றுதான். கரும்பழுப்பாக இருக்கவேண்டிய அது, வீங்கி, காவி கலந்த மஞ்சளாக இருந்தது. பித்தப்பை ஊதிப் பெருத்து, தொட்டால் தெறித்துவிடும்போல் தொங்கியது. டாக்டர் அடுத்து முதல் வயிற்றைத் திறந்தார். தின்று நாலைந்து நாளாகியும் உள்ளே எல்லாம் அப்படியே தங்கியிருந்தது. இரண்டு கையாலும் அள்ளி, ஒரு தகரத் தட்டில் தண்ணீர் ஊற்றி அலசினார். புல் மிதந்தது. புல்லோடு வேறொன்றும் மிதந்தது. சொரசொரப்பான இலைத் துண்டுகள். ஓரத்தில் சின்னச் சின்னப் பல்.

ஒரு துண்டைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். அவ்வளவு நாற்றத்துக்கு நடுவிலும் அந்தக் காரமான பச்சை வாடை தெரிந்தது.

"தாஹி ஆயாம்" என்றார்.

மலாய்க்காரர்கள் கோழிப்பீப் பூ என்று சொல்வதை நாங்கள் உண்ணிச்செடி என்போம். பினாங்கில் அது இல்லாத வேலி இல்லை. மஞ்சளும் ஆரஞ்சும் ரோஜா நிறமுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். சின்ன வயதில் நானும் தம்பியும் அந்தப் பூவின் அடியை உறிஞ்சித் தேன் குடித்திருக்கிறோம்.

"மாடு இதை வாய் வைக்காதே டாக்டர்" என்றாள் தம்பியின் மனைவி. "பழைய இடத்துலயும்தான் இருந்துச்சு. புல்லோட ஒண்ணு ரெண்டு வந்தா நாக்கால தள்ளிட்டு மத்தத மட்டும் திங்கும்."

"அதான் எனக்கும் புரியலை" என்றார் டாக்டர்.

எனக்குப் புரிந்தது. அவர் விரல்களுக்கிடையில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு கடித்த இலை கிழிந்திருக்கும். இது கிழியவில்லை. இரண்டு முனையும் நேராக, ஒரே அளவில், விரல்கணு நீளத்துக்கு வெட்டுப்பட்டிருந்தது. தட்டில் மிதந்த எல்லாத் துண்டும் அதே நீளம். நறுக்கி, புல்லோடு புல்லாகக் கலந்து கொட்டியபின் எந்த நாக்கு எதைத் தள்ளும்?

"மெஷின்" என்றேன். "மெஷின்ல நறுக்கிப் போட்டோம் டாக்டர்."

அவர் தட்டைப் பார்த்தார். கொட்டகை மூலையில் இருந்த மெஷினைப் பார்த்தார். "எந்த மாடுகளுக்கு?"

"கறவைக்கு மட்டும்" என்றாள் தம்பியின் மனைவி. "நல்ல பச்சையா இருக்கேன்னு பால் குடுக்கிறதுக்குப் போட்டேன். மத்ததுக்குப் பிண்ணாக்கும் வைக்கோலும்தான்." தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். "நான்தான் அறுத்தேன். வேலியில அந்தச் செடி படர்ந்து கெடந்துச்சு. குனிஞ்சு பிரிச்சு எடுக்க முடியலை. சேத்து அறுத்துட்டேன்."

நான்காவது கறவை பயந்த சுபாவம். மற்றவை தின்று முடிக்கும்வரை தொட்டிக்கு வராது. அதனால் அது பிழைத்தது.

கையைக் கழுவிவிட்டு வந்த டாக்டர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். தம்பியும் அப்போது வந்து சுவரோரம் நின்றான். செடி ஓடி ஒளிய முடியாது, அதனால் இலைக்குள்ளே கசப்பை வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது என்றார். எல்லாப் புல்லிலும் கொஞ்சம் இருக்கிறது. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஒரு பங்கை உடைக்கும். மீதியைக் கல்லீரல் தினமும் சத்தமில்லாமல் மாற்றிக் கழித்துவிடும். உண்ணிச்செடியின் நஞ்சு அந்தக் கல்லீரலுக்குள்ளேயே போய், பித்தம் வழிகிற மெல்லிய வாய்க்கால்களை அடைத்துவிடுகிறது.

"அப்ப தோலு ஏன் வேகணும்?" என்று தம்பி கேட்டான். இரண்டு நாளில் அவன் கேட்ட முதல் உண்மையான கேள்வி அது.

"அந்தச் செடி தோலை ஒண்ணும் செய்யலை" என்றார் டாக்டர். "மாடு தினமும் பச்சையத் தின்னுது. அந்தப் பச்சை வயித்துல உடைஞ்சு வேற ஒரு சாயமா மாறும். நல்ல ஈரல் அதைப் பித்தத்தோட வெளிய தள்ளிடும். பித்தம் அடைச்சுட்டா அந்தச் சாயம் ரத்தத்துல ஏறித் தோலுக்கு அடியில வந்து தங்கும். மேல வெயில் பட்டா எரியும். கறுப்புத் தோல்ல வெயில் உள்ள போகாது. வெள்ளையில போகும்."

நல்ல புல்லின் பச்சைதான் அதை எரித்திருக்கிறது. தம்பி வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மிச்சம் இருந்த இரண்டையும் காப்பாற்றுவதுதான் அடுத்த வேலை. அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஈரல் கெட்டால் வயிறு நின்றுவிடும். வயிறு நின்றால் உள்ளே கிடக்கும் இலை வெளியேறாமல் தொடர்ந்து நஞ்சை விட்டுக்கொண்டே இருக்கும். அது ஈரலை இன்னும் கெடுக்கும். அந்தச் சுற்றை எங்காவது அறுக்க வேண்டும். டாக்டர் மருந்துக் கரிப்பொடியை மூட்டையாகக் கொண்டுவந்தார். வாளியில் உப்புநீரோடு கரைத்து, குழாயை மாட்டின் தொண்டை வழியே வயிற்றுக்குள் இறக்கி ஊற்றினோம். கரி நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மறுநாள் நலமான மாடு ஒன்றின் வயிற்றுச் சாற்றைக் குழாயில் இழுத்து இவற்றுக்குள் விட்டார். செத்துப்போன நுண்ணுயிர்களுக்குப் பதில் உயிரோடிருப்பவை. ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் வாளியைத் தூக்க, கறுப்பு நீர் எங்கள் எல்லோர் மேலும் வழிந்தது. நான் விடுப்பை நீட்டினேன். அந்த வாரம் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு, எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

செம்மண் நிறத்து மாடு சனிக்கிழமை நடுப்பகலில் இறந்தது. அது நன்றாகத் தேறும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தோலில் புண்ணே இல்லாததால். வெளியே தெரிந்ததற்கும் உள்ளே நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. மூன்றாவது மாடு, நெற்றியிலும் விலாவிலும் வெள்ளை விழுந்தது, அன்றைக்குக் கொஞ்சம் வைக்கோல் தின்றது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் நின்றார். பிறகு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு தடவை உருண்டிருக்கிறது.

தைப்பூசத்துக்குத் தம்பி யாருக்கும் பால் கொண்டுவரவில்லை. ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து சொன்னான். காரணத்தையும் மறைக்கவில்லை. பூசத்தன்று காலை வெறுங்கையோடு தீவுக்கு வந்து, வெறுங்கையோடு மலை ஏறினான். எனக்கு மூட்டுவலி, அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல் நிழலில் காத்திருந்தேன். மஞ்சள் வேட்டிகளுக்கு நடுவே அவன் நீலச் சட்டை இறங்கி வந்தது.

"என்னாடா வேண்டிக்கிட்ட?"

"ஒண்ணும் வேண்டலைக்கா. கேக்க வாய் வரலை." செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டே சொன்னான்: "அந்தப் பெரியவரப் பாக்கணும். நீயும் வரியா? தனியாப் போனா பாதியில திரும்பிருவேன்."

அடுத்த ஞாயிறு போனோம். பெரியவர் கத்தரிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் எழவில்லை. தம்பி பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னான். செடி, மெஷின், ஈரல், வெயில். தன்மேல்தான் தப்பு என்றான். ஊர் கேட்கப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டான். அவனுடைய மலாய் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு ஒழுங்காக வந்து நான் கேட்டதில்லை.

பெரியவர் கையிலிருந்த களையை ஒதுக்கி வைத்தார்.

"மருந்து அடிச்சேனான்னு நீ என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்" என்றார். "வந்து பாருன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பேன். என் மகன் முன்னால என்னை மாட்டுக்கு விஷம் வைக்கிறவன்னு சொன்னே."

"சொன்னேன் அங்கிள்."

"எத்தனை செத்துச்சு?"

"ரெண்டு."

"பாவம்" என்றார் அவர். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. மறுபடியும் குனிந்து களையைப் பிடுங்க ஆரம்பித்தார். நாங்கள் எழுந்து வந்தோம். அந்த வாரத்திலேயே அவர் பக்கத்து வேலியில் மறுபடி துளிர்த்திருந்த உண்ணிச்செடிகள் வேரோடு பிடுங்கி எரிக்கப்பட்டிருந்தன. எங்கள் பக்கத்தைத் தம்பி ஏற்கெனவே தோண்டி முடித்திருந்தான். ஆனால் கோஸ் இலைக் கூடை அதற்குப் பிறகு வேலிமேல் வரவே இல்லை. வழியில் பார்த்தால் பெரியவர் தலையசைப்பார், அவ்வளவுதான். தம்பி அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

மெஷினை வாங்கிக் கொடுத்தது நான் என்பதை அந்த நாட்களில் யாரும் சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரியாது. தம்பிக்கு அது தோன்றியதா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களை அடுக்கும்போதெல்லாம் அந்த நேர்வெட்டு கண்முன் வந்தது. நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது உண்மைதான். உண்மையாக இருந்தும் உதவவில்லை. இரண்டு மாதம் கழித்து, தம்பியின் மனைவியும் நானும் கொட்டகைத் தரையில் படுதாவை விரித்து, அறுத்து வந்த புல்லைப் பரப்பிப் பிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது மெஷினில் போடுவதற்குமுன் எல்லாவற்றையும் கையால் ஒரு முறை பார்த்துவிடுவது வழக்கமாகியிருந்தது. அவள் குனியாதபடி தம்பி ஒரு பலகையைக் கால் வைத்து உயர்த்திக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தான். அப்போது அவளிடம் சொன்னேன்.

"அந்த மெஷின நான் வாங்கித் தராம இருந்திருந்தா..."

"தெரியும்க்கா" என்றாள் அவள், கையை நிறுத்தாமல். "டாக்டர் கையில அந்தத் துண்டப் பாத்தப்பவே தெரியும்."

"அப்பவே தெரிஞ்சா ஏன் நீ பழிய உன்மேல போட்டுக்கிட்ட?"

"அறுத்தது நான்தானே. அது பொய்யில்லையே." ஒரு கொடியைப் பிரித்துப் பார்த்து, தீங்கில்லாதது என்று திரும்பப் போட்டாள். "அதோட, உங்க மேல சொன்னா நீங்க மெஷினத் தூக்கிட்டுப் போயிருவீங்க. நான் மறுபடியும் குனிஞ்சு சாகணும்லா."

அவள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. பிறகு இருவரும் மிச்சப் புல்லைப் பிரித்து முடித்தோம்.

பிழைத்த மாட்டுக்குத் தோல் காய்ந்து மரப்பட்டைபோல் உரிந்தது. அடியில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் வந்தது. டாக்டர் சொன்னபடி பல வாரம் அதை வெயிலே காட்டவில்லை. கொட்டகையின் அந்த மூலையிலேயே இருட்டுக்குப் பழகி நின்றது. பொழுது சாய்ந்தபின் தம்பி அதை அவிழ்த்துக்கொண்டு செம்பனை வரிசையோரம் கொஞ்சம் நடத்திவிட்டு வருவான். பால் முற்றிலும் வற்றிவிட்டது. அறுப்புக்கு மாடு வாங்குகிறவர் ஒருவர் வந்து கேட்டபோது, "இருக்கட்டும்" என்றான். இறந்துபோன இரண்டின் கன்றுகளையும் நான்காவது கறவையிடம் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றை ஏற்றுக்கொண்டது, ஒன்றை உதைத்துத் தள்ளியது. தள்ளப்பட்டதைப் புட்டிப்பாலில் வளர்த்தார்கள்.

கெட்ட ஈரல் தேறுமா என்று அந்த டாக்டரிடம் ஒரு முறை கேட்டேன். மற்ற உறுப்புகளைவிட ஈரலுக்குப் பொறுமை அதிகம், பாதிக்கு மேல் போனாலும் மெல்ல வளர்த்துக்கொள்ளும், ஆனால் எவ்வளவு தேறியது என்று வெளியே இருந்து சொல்ல முடியாது என்றார். பிழைத்த மாட்டைச் சினைக்கு விடலாமா என்று தம்பி கேட்டதற்கும், இன்னும் ஒரு ஆறு மாதம் போகட்டும் என்றுதான் சொன்னார். போகவிட்டான். அதற்குப் பிறகு சினை பிடித்தது. நாங்கள் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு பயம் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பகலில், வேலை நேரத்தில் தம்பி மனைவியின் போன் வந்தது. வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிறவள் இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய் எடுத்தேன்.

"கிடேரிக் கன்னுக்கா" என்றாள். "இப்பதான் போட்டுச்சு. எந்திரிச்சு நின்னு குடிக்குது. தாயும் நக்கிக்கிட்டு நிக்குது."

"தம்பி எங்க?"

"கொட்டாய்லயே உக்காந்துருக்காரு. சாப்பிடக் கூப்பிட்டேன், வரலை." பின்னால் மாடு ஒன்று அடித்தொண்டையில் குரல் கொடுப்பது கேட்டது. "ஞாயித்துக்கிழமை வரும்போது அந்தப் பக்கம் நல்ல வெல்லம் கெடச்சா வாங்கிட்டு வாங்கக்கா. சீம்பால் எடுத்து வைக்கிறேன்."

வாங்கி வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாழ்வாரத்தில் நின்றேன். பிறகு புதுக் கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.